மெட்ராசில் மட்டும் அம்மா

சூசைமேரி தன் பிள்ளையை அரைப்படி தவிட்டுக்கு விற்றவள். மரக்காணத்தில் இதைச் சொன்னால் யாரும் நெஞ்சில் கை வைத்துக்கொள்ள மாட்டார்கள். "அப்படியா, முன்னாடி எத்தனை தவறுச்சு?" என்றுதான் கேட்பார்கள். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த காரியம். அற்பத் தவிட்டுக்குப் போன பிள்ளையை எமன் கூடத் திரும்பிப் பார்க்க மாட்டானாம். விற்றதோடு சரி, பிள்ளை எங்கேயும் போய்விடாது. பெற்றவளிடமே வளரும். ஆனால் வாங்கியவளைத்தான் அம்மா என்று கூப்பிடும்.

சூசைமேரிக்கு முன்னால் இரண்டு தவறியிருந்தது. முதலாவது பையன், இருபது நாள் இருந்தான். இரண்டாவது பெண், பதினோரு மாதம் இருந்தாள். அவள் வாய் திறந்து "ம்மா" என்று சொன்ன அதே வாரம் வயிற்றுப்போக்கு கண்டு, மூன்று நாளில் கண் செருகிப் போனாள். அந்த ஒரு சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டுதான் சூசைமேரி அடுத்த இரண்டு வருடம் உப்பளத்துக்குப் போய் வந்தாள். மூன்றாவதாக இந்தப் பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே, பக்கத்து வீட்டு அருக்காணி முறத்தில் தவிட்டோடு வந்து நின்றாள். அருக்காணி நாலு பெற்றவள், நாலும் திடமாக வளர்ந்து கல்யாணம் காட்சி முடிந்து நிற்கிறது. அந்தக் கைராசிக்காகத்தான் அவளைக் கூப்பிட்டது. தவிட்டைக் கொட்டிவிட்டு முறத்தில் பிள்ளையை ஏந்திக்கொண்டு, "இது எம் பிள்ளைடி! உனக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி மூன்று தரம் கத்தினாள். யார் காதில் விழவேண்டுமோ அவன் காதில் விழட்டும் என்று.

ஏழு வயது முடிகிற வரைக்கும் கெடு. அதுவரை அருக்காணி அம்மா, சூசைமேரி சித்தி. முடிந்ததும் ஒரு படி தவிடு கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது அவர் கொதித்துப் போனார். "ஞானஸ்நானம் வாங்கின பிள்ளையைத் தவிட்டுக்கு வித்துட்டு இங்க வந்து முட்டி போடுறியா?" என்று திட்டி ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை அபராதம் போட்டார். சூசைமேரி முட்டி தேய ஜெபமாலை சொல்லி முடித்தாள். பிள்ளையை மட்டும் திருப்பி வாங்கவில்லை. சாமியாருக்கு என்ன, அவர் எத்தனை பிள்ளையைப் புதைத்தார்? புதைப்பதற்கு மந்திரம் சொன்னதோடு சரி.

பிள்ளைக்குக் கோயிலில் வைத்த பேர் பிலோமினா. ஊரில் பேர் தவிடு. கொஞ்சினால் தவிட்டுக்குட்டி. இரண்டரை வயதில் அவள் பேசாத பேச்சில்லை. காலையில் கண் விழித்ததும் "அம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவாள். சூசைமேரி விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய்விடுவதால் பிள்ளைக்குச் சோறு, குளியல், தூக்கம் எல்லாம் அருக்காணியிடம்தான். பகல் சாய்ந்து, காலெல்லாம் வெடித்து, கண் எரிச்சலோடு வீடு திரும்புகிற சூசைமேரியைப் பார்த்து, "சித்தி வந்துட்டா!" என்று கை தட்டுவாள். அதைக் கேட்டு சூசைமேரி சிரிப்பாள். சிரித்துவிட்டு, புழக்கடையில் முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள்.

அவள் புருசன் சேவியர்ராஜுக்கு இது பெரிதாகப் படவில்லை. அவனைப் பிள்ளை சித்தப்பா என்று கூப்பிடும். "சித்தப்பாவுலேயும் அப்பா இருக்குதே, விடு" என்பான். அவனுக்கு எல்லாமே இப்படித்தான். அவளுக்கு அப்படி இல்லை.

அந்தக் கிறிஸ்துமசுக்கு அவன் சிநேகிதன் செல்லப்பன் வந்திருந்தான். மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், ராயபுரத்தில் குடியிருக்கிறான். கறிச்சோறு தின்றுவிட்டுப் பொருட்காட்சியைப் பற்றி அளக்க ஆரம்பித்தான். தை மாசம் முழுக்க நடக்குமாம். பிள்ளைகள் ஏறுகிற குட்டி ரயில், முகத்தைக் கோணலாக்கிக் காட்டுகிற கண்ணாடி, பனைமரம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று நட்ட உயரத்துக்கு ராட்டினம்.

"இவ்வளவூண்டு பிள்ளைய எல்லாம் ராட்டினத்துல ஏத்துவாங்களா?" என்று சேவியர்ராஜ் கேட்டான்.

"ஏன் ஏத்த மாட்டாங்க? அம்மா மடியில உக்கார வச்சு ஏத்துவாங்க."

சூசைமேரிக்கு அந்தச் சொல் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. அன்றைக்கெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மரக்காணத்தில் இருக்கிற வரைக்கும்தானே சித்தி? மெட்ராசில் யாருக்குத் தெரியும்? எமனோ சாத்தானோ எதுவோ ஒன்று இங்கே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அது பஸ் பிடித்து மெட்ராசுக்கா வரப்போகிறது? அத்தனை லட்சம் ஜனம், அத்தனை பிள்ளைகள் "அம்மா, அம்மா" என்று கத்துகிற இடத்தில் இவள் குரல் மட்டும் தனியாகவா கேட்கும்? ஒரே ஒரு நாள். ராட்டினத்து உச்சியில் மடியில் உட்கார்ந்து ஒரே ஒரு தரம் அம்மா என்று கூப்பிட்டால் போதும். இன்னும் நாலரை வருடத்தை அதை வைத்து ஓட்டிவிடுவாள்.

"யோவ், நாமளும் போலாம்யா" என்றாள் புருசனிடம். காரணத்தையும் சொன்னாள். அவன் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "பயமாத்தான் இருக்குது. ஆனா நீ ஆசைப்பட்டு எதக் கேட்டிருக்க? போலாம்" என்றான்.

போவதென்றால் தை முடிவதற்குள் போகவேண்டும். இப்போது பாத்தி மிதித்து இறுக்குகிற வேலைதான். மாசி பிறந்து உப்பு வாரத் தொடங்கிவிட்டால் சாவுக்குக் கூட லீவு கிடைக்காது. மேஸ்திரி பஞ்சநாதன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் கொடுத்தார். முதல் பஸ்சில் திண்டிவனம், அங்கிருந்து மெட்ராஸ் பஸ், ராத்திரி செல்லப்பன் வீட்டில் படுக்கை, மறுநாள் திரும்புவது என்று சேவியர்ராஜ் திட்டம் போட்டான். பாண்டிச்சேரியிலிருந்து ரோஸ் கலரில் ஜாலர் வைத்த கவுன் வந்தது. பஸ்சில் வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம், விரித்துப் போடப் பழம்புடவை, வறுத்து அரைத்த கஞ்சி மாவு எல்லாம் ஒரு பையில் சேர்ந்தது.

ஆனால் பிள்ளை எப்போது சாப்பிடும், எப்போது தூங்கும் என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. பகலில் பிள்ளையை அவள் கண்டதெங்கே? வெட்கத்தை விட்டு அருக்காணியிடம் போய்த்தான் கேட்டாள்.

"பதினோரு மணிக்குப் பசிக்கும். காக்கா காட்டிக்கிட்டே ஊட்டணும், இல்லன்னா வாயில அடக்கி வச்சுக்கும். ரெண்டு மணிக்குத் தூக்கம். முழிக்கிறப்போ நான் பக்கத்துல இருக்கணும் சூசை, இல்லன்னா ஊரைக் கூட்டிடும்" என்றாள் அருக்காணி. பிறகு தானாகவே, "இதெல்லாம் எதுக்குக் கேக்குற? நாந்தான் கூட வர்றேனே!" என்றாள்.

கொடியில் அவளுடைய சுங்குடிப் புடவை பயணத்துக்கென்று துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? இரண்டரை வருடம் மலம் மூத்திரம் பார்த்தவள். ஒரு பைசா வாங்கினதில்லை. ஒரு வாரம் சூசைமேரிக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் அருக்காணியின் மகள்தான் வழிவிட்டாள். இரும்பையில் வாழ்க்கைப்பட்டவள், பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறபோதே இடுப்பு வலி என்று ஆள் அனுப்பினாள். அருக்காணி அரக்கப் பரக்கக் கிளம்பினாள். சூசைமேரிக்குச் சந்தோசம் பொங்கியது. சீ, ஒருத்தி வலியில் துடிக்கிறாள், அதற்குச் சந்தோசப்படுகிறோமே என்று உடனே தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டாலும் சந்தோசம் போகவில்லை.

பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டு வாசலில் இறங்கிய அருக்காணி திரும்பி நின்றாள். "அடியே சூசை, எனக்கு எல்லாம் தெரியுதுடி. நானும் பெத்தவதான். ஊரு மாறிட்டா வித்தது இல்லன்னு ஆயிடாது. பாத்து நடந்துக்க." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சூசைமேரியை இன்னும் சுட்டது.

ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைக்குப் பாடம் நடத்தினாள்.

"தவிட்டுக்குட்டி, நான் யாரு?"

"சித்தி."

"இங்க சித்தி. மெட்ராசுக்குப் போனா நான் யாரு?"

"சித்தி."

"இல்லடி கண்ணு. மெட்ராசுல நான் அம்மா. பெரிய ராட்டினம் சுத்துமே, அங்க நான் அம்மா. இங்க சொல்லக் கூடாது. அங்க போய்ச் சொல்லணும், என்ன?"

நாலு நாளில் பிள்ளைக்கு அது விளையாட்டாகப் பழகிவிட்டது. "ராட்டினத்துல யாரு?" என்று கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இங்கே சொல்லக்கூடாதாமே! அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சூசைமேரிக்கு உடம்பெல்லாம் கூசியது. பயமும் ஆசையும் சரிபாதியாக இருந்தது.

கிளம்பின அன்று திண்டிவனம் தாண்டியதும் பிள்ளை இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். புதுக் கவுனைப் பையிலேயே வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. பகல் பன்னிரண்டுக்கு ராயபுரத்தில் செல்லப்பனின் ஒற்றை அறை வீட்டில் போய் இறங்கினார்கள். சூசைமேரியால் பொறுக்கவே முடியவில்லை. முகம் கழுவிவிட்டு, கவுனை மாட்டி, பொட்டு வைத்து, பவுடர் அடித்து மடியில் உட்கார வைத்து, "மெட்ராஸ் வந்துடுச்சுடி. இப்ப நான் யாரு?" என்றாள்.

பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுப்பு, பாய், கயிற்றில் செல்லப்பனின் லுங்கி.

"இது மெட்ராஸ் இல்ல" என்றாள் கறாராக. "ராட்டினம் எங்க?"

செல்லப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். சூசைமேரியும் சிரித்துவைத்தாள். காத்திருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நேரமா பெரிது?

பிள்ளை சோறு தின்னவில்லை. தெருவில் காக்கா இருந்தது, அதைக் காட்டியும் தின்னவில்லை. புது இடம் என்பதால் இரண்டு மணிக்குத் தூங்கவும் இல்லை. பொருட்காட்சிக்கு மூன்று பேரும் டவுன் பஸ் ஏறியபோது மணி நாலு. அப்போதுதான் பிள்ளை சூசைமேரியின் தோளில் தலையைச் சாய்த்து அசந்து தூங்கிப்போனாள். இறங்கி, கூட்டத்தில் முட்டி மோதி உள்ளே நுழைந்து, குட்டி ரயிலையும் கோணல் கண்ணாடியையும் தாண்டி ராட்டினத்தடிக்குப் போகிற வரைக்கும் அசையவில்லை.

"இங்கேயே நில்லு. நான் சீட்டு வாங்கிட்டு வர்றேன்" என்று சேவியர்ராஜ் நீண்ட வரிசையின் வாலைத் தேடிப் போனான்.

ராட்டினம் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பியது. மேலே போன ஜனங்கள் ஒரே குரலாய் அலறினார்கள். பிள்ளை திடுக்கிட்டு விழித்தாள். தோளும் புரியவில்லை, இடமும் புரியவில்லை. கண் முன்னால் ஒரு பெரிய இரும்பு, அதில் மனுசர்கள் தொங்கிக்கொண்டு கத்துகிறார்கள்.

சூசைமேரியோ ஆவலை அடக்க முடியாமல், "பாரு, பாரு, ராட்டினம்! மெட்ராஸ் வந்துடுச்சு! இப்ப நான் யாரு? சொல்லுடி கண்ணு, நான் யாரு?" என்று பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

பிள்ளை வீரிட்டு அழுதாள். "அம்மா! அம்மாகிட்ட போணும்! அம்மா!" என்று சூசைமேரியின் மார்பில் கை வைத்துத் தள்ளி, முதுகை வில்லாய் வளைத்துக்கொண்டு கீழே நழுவினாள்.

"நாந்தாண்டி அம்மா. இந்தா பாரு, நாந்தான்."

"நீ அம்மா இல்ல! நீ அம்மா இல்ல!"

நைலான் புடவை கட்டிய ஒரு பெண் நின்று பார்த்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஜாலர் கவுனும் பவுடருமாக ஒரு குழந்தை, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் கருகி, கை காலெல்லாம் வெடித்த ஒருத்தி. குழந்தையோ அம்மா இல்லை என்று கத்துகிறது. பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாயிருந்த நேரம் அது.

"யார் குழந்தைம்மா இது?" என்றாள் நைலான் புடவைக்காரி.

"என் குழந்தைதாங்க."

"அது இல்லைன்னு சொல்லுதே!"

யாரோ ஒருத்தன் அவள் முழங்கையைப் பிடித்தான். இன்னொருத்தன் போலீசைக் கூப்பிடு என்றான். ஐந்து நிமிடத்தில் சூசைமேரி பொருட்காட்சிக்குள் போட்டிருந்த போலீஸ் கூடாரத்தில் ஒரு மேசைக்கு முன்னால் நின்றாள். நைலான் புடவைக்காரி சாட்சி சொல்வதற்கென்று கூடவே வந்தாள். மேசையில் உட்கார்ந்திருந்த ஏட்டு கெட்ட மனுசன் இல்லை. பிள்ளைக்கு முதலில் ஒரு பிஸ்கட் கொடுத்து அழுகையை நிறுத்தினார்.

"உன் பேரு இன்னா பாப்பா?"

"தவிடு."

"தவிடா? சரி. அம்மா பேரு?"

"அருக்காணி."

"இது யாரு?"

"சித்தி."

ஏட்டு சூசைமேரியை ஏறிட்டுப் பார்த்தார். அவள் கையைக் கூப்பினாள். "சாமி, நான் பெத்த பிள்ளைங்க. ரெண்டு தவறிப் போச்சுன்னு இதத் தவிட்டுக்கு வித்துட்டேங்க. அதான் அப்படிச் சொல்லுது."

"இன்னா, வித்துட்டியா?"

"ஆமாங்க. மரக்காணத்துல, பக்கத்து வீட்டு அருக்காணிக்கா கிட்ட. மூணாம் நாளே வித்தாச்சுங்க."

மரக்காணத்தில் இதைச் சொன்னால் ஐயோ பாவம் என்பார்கள். ஏட்டு பேனாவை மூடி வைத்தார். "குழந்தையை வித்தேன்னு உன் வாயாலேயே சொல்ற. வித்துட்டு, வாங்கினவளுக்குத் தெரியாம இட்டுக்கினு வந்துட்ட. அப்படித்தானே?"

"ஐயோ, அப்படி இல்லீங்க. அது வழக்கமுங்க. கோயில் புஸ்தகத்துல என் பேருதாங்க இருக்குது."

"எந்தக் கோயிலு? இங்க கொண்டு வா, பாக்கலாம்." அவர் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம் திரும்பினார். "மரக்காணம் ஸ்டேசனுக்கு போன் போட்டு அருக்காணின்னு ஒருத்தி இருக்காளான்னு கேளு. அவ நேர்ல வர்ற வரைக்கும் குழந்தை ஹோம்ல இருக்கட்டும். இந்தம்மா இங்க இருக்கட்டும்."

சேவியர்ராஜ் மூச்சிரைக்க ஓடி வந்தான். கையில் மூன்று சீட்டு. "சார், நான் இந்தப் பிள்ளையோட..." என்று அவன் ஆரம்பிக்கும்போதே, "சித்தப்பா!" என்று பிள்ளை தாவியது. ஏட்டு சிரிக்கவில்லை, ஆனால் அவர் முகம் கொஞ்சம் இளகியது. நைலான் புடவைக்காரி, "சித்தப்பாகிட்ட நல்லாப் போகுதே" என்றாள்.

சூசைமேரிக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. உண்மையைச் சொல்லச் சொல்லப் பிள்ளை கைவிட்டுப் போகிறது. அருக்காணி இரும்பையில் இருக்கிறாள், எப்போது வருவாளோ. பிள்ளை இன்றைக்கு ராத்திரி ஏதோ ஒரு ஹோமில், முன்பின் தெரியாத முகங்களுக்கு நடுவில் கிடந்து கத்தும். புருசன் மறுபடி வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"சார், நான் பொய் சொல்லிட்டேங்க."

சேவியர்ராஜ் அவளையே பார்த்தான்.

"நான் சித்திதாங்க. இவரு சித்தப்பா. இதோட அம்மா அருக்காணி. பொருட்காட்சி காட்டிட்டு வர்றோம்னு கேட்டுக் கூட்டியாந்தோம்." பிள்ளையின் பக்கம் பார்க்காமல் மேலே சொன்னாள். "எனக்குப் பிள்ளை இல்லீங்க. பொறந்தது எதுவும் தங்கல. இங்க யாருக்குத் தெரியப்போகுதுன்னு, ஒரு நாளைக்கு அம்மான்னு கூப்பிடச் சொன்னேன். ஆசையில சொல்லிட்டேன் சார். மன்னிச்சுடுங்க."

ஏட்டு அவளை நம்பினார். இதை ஏன் நம்பமாட்டார்? சரியாகப் பொருந்துகிறதே. பிள்ளையைக் கேட்டார், "இவங்க சித்தியா?" பிள்ளை பிஸ்கட் வாயோடு தலையை ஆட்டினாள். போன் வேண்டாம் என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு, செல்லப்பன் விலாசத்தை எழுதிக்கொண்டார். காகிதத்தில், 'குழந்தையின் தாய்: அருக்காணி. அழைத்துச் செல்பவர்: சித்தி சூசைமேரி' என்று எழுதி, படித்துக் காட்டி, கட்டைவிரலை மசியில் தோய்க்கச் சொன்னார். உப்பில் தேய்ந்த விரலில் ரேகை சரியாக விழவில்லை. இரண்டாம் தரம் அவரே விரலைப் பிடித்து அழுத்தினார்.

"ஆசை இருக்கறது தப்பில்லம்மா" என்றார். "ஆனா அடுத்தவ பிள்ளைக்கு ஆசைப்படக் கூடாது. பத்திரமா கொண்டு போய்ப் பெத்தவகிட்ட சேத்துடு."

"சேத்துடுறேங்க" என்றாள் சூசைமேரி.

சேவியர்ராஜ் வெளியே போய்த் திரும்பி நின்றுகொண்டு தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். நைலான் புடவைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. தான்தான் இதையெல்லாம் கிளப்பிவிட்டோம் என்ற கூச்சத்தில் சூசைமேரியின் தோளைத் தொட்டாள். "மனசத் தளர விடாதம்மா. மாதாவை வேண்டிக்கோ. உனக்கும் ஒரு குழந்தை பொறக்கும், உன்னையும் அம்மான்னு கூப்பிடும்."

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சூசைமேரி குனிந்து தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.